கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்: மலை உச்சிகளை லிஸ்ட் போட்டு ஏறும் பழக்கத்தின் கதை

1/ எந்த ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாலும் பிளாட்பார மஞ்சள் போர்டுல ஊர் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்னு. யாரும் அதைப் படிக்க மாட்டோம். இந்த த்ரெட் அந்த வரியைப் பத்தினது. மலை உச்சிகளை லிஸ்ட் போட்டு ஒண்ணொண்ணா ஏறுறவங்களைப் பத்தியும்.

2/ இதை எழுதக் காரணம் இருக்கு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மருந்துக்குக் கூட மலை கிடையாது. ஆனா வருஷா வருஷம் இங்கிருந்து வேன் பிடிச்சு வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரின்னு கிளம்புற கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்ல. திரும்பி வர்றப்போ எல்லாரும் நல்லபடியா வரணும். வரலாறு பாதி, வைத்தியம் பாதி. நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/ முதல்ல ஒரு வருஷத்தை மனசுல வச்சுக்கோங்க: 1856. அந்த வருஷம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு விஷயம் நடந்துச்சு.

ஒண்ணு: 1856 ஜூலை 1, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் நம்ம ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது.

4/ ரெண்டு: அதே வருஷம் மார்ச்ல, இந்திய நில அளவைத் துறைத் தலைவர் ஆண்ட்ரூ வா லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதுறார். 'சிகரம் 15'ன்னு குறிச்சு வச்சிருந்த இமயமலைச் சிகரம்தான் உலகத்துலயே உயரமானதுன்னு தெரியுது, அதுக்குத் தனக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பேரை வைக்கலாம்னு.

மூணு: அக்டோபர்ல லண்டன்ல ஒரு குழந்தை பிறக்குது. பேரு ஹியூ மன்றோ.

5/ ரயில் இல்லன்னா சமவெளி ஜனங்க பொழுதுபோக்கா மலைக்குப் போயிருக்க முடியாது. நில அளவை இல்லன்னா எந்த மலை எவ்வளவு உயரம்னு தெரியாது. மன்றோ இல்லன்னா லிஸ்ட் போட்டு ஏறுற பைத்தியம் இவ்வளவு பரவியிருக்காது. மூணையும் வரிசையா பார்ப்போம். அளவையில இருந்து தொடங்கலாம், ஏன்னா அது நம்ம ஊர்ல தொடங்கினது.

6/ 1802 ஏப்ரல் 10. இடம் பரங்கிமலை. வில்லியம் லாம்டன்னு ஒரு ராணுவ அதிகாரி 100 அடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையில நீட்டி அளக்க ஆரம்பிக்கிறார். பரங்கிமலையில இருந்து தெற்கே சுமார் 12 கி.மீ. தூரம். நாம பைக்ல அரை மணி நேரத்துல போற தூரத்தை அளந்து முடிக்க 57 நாள் ஆச்சு.

7/ ஏன் அவ்வளவு நாள்? சித்திரை வெயில்ல இரும்பு நீளும், நிழல்ல சுருங்கும். அதனால சங்கிலிக்குக் கூடாரம் போட்டு, பக்கத்துல வெப்பமானி வச்சு, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறிச்சுத் திருத்தம் போட்டாங்க. அடித்தளக் கோடு கொஞ்சம் தப்பினாலும் அதுமேல கட்டுற மொத்தக் கணக்கும் தப்பும். காய்ச்சல் சார்ட் எழுதுற நர்ஸ் அக்காக்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

8/ அதுக்கப்புறம் பத்தாம் கிளாஸ் கணக்குதான். முக்கோணத்துல ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மீதி ரெண்டு பக்கமும் கிடைச்சுடும். அந்தப் பக்கத்து மேல அடுத்த முக்கோணம், அதுமேல இன்னொண்ணு. சங்கிலியே இல்லாம நாட்டைக் குறுக்கும் நெடுக்குமா அளக்கலாம். கோணம் பார்க்க உயரமான இடம் வேணும். அதனால ஒவ்வொரு குன்றா ஏறினாங்க. மலை உச்சிகளை வரிசையா குறிச்சு ஏறினது நம்ம பக்கத்துல அப்போ பொழுதுபோக்கு இல்ல, உத்தியோகம்.

9/ இப்படி முக்கோணம் போட்டே சென்னையில இருந்து மங்களூர் வரைக்கும் போனாங்க. அதுவரைக்கும் இருந்த வரைபடத்துல தீபகற்பத்தோட அகலம் அந்த இடத்துல 400 மைல். லாம்டன் கணக்குல வந்தது 360 மைல். 40 மைல் நிலம் காகிதத்துல மட்டும் இருந்திருக்கு!

10/ கோணம் பார்க்குற கருவி தியோடலைட். எடை கிட்டத்தட்ட அரை டன். 1808ல தஞ்சாவூர்ப் பக்கம் ஏற மலையே இல்ல. அதனால பெரிய கோயில் மேலயே கருவியை ஏத்தினாங்க. பாதியில கயிறு நழுவி, கருவி சுவர்ல மோதி நசுங்கிடுச்சு. லாம்டன் கூடாரத்துக்குள்ள அடைஞ்சு உட்கார்ந்து ஆறு வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டு வந்தார்.

11/ இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த அரை டன்னை ஒவ்வொரு குன்று உச்சிக்கும் தூக்கினது யாரு? புத்தகத்துல அதிகாரிகள் பேரு இருக்கு. தூக்கினவங்க, கொடி பிடிச்சவங்க, சங்கிலி இழுத்தவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேரு: கலாசி. நம்ம ஏரியாவுல ரயில்வேயில கலாசியா வேலை பார்த்த தாத்தாக்கள் நிறைய பேர் உண்டு. அதே சொல்தான்.

12/ கலாசிகளுக்குப் பெரிய எதிரி புலி இல்ல, காய்ச்சல். 1819 வாக்குல கிருஷ்ணா, கோதாவரிக்கு நடுவுல இருக்குற காட்டுக்கு இளைஞர் எவரெஸ்ட் ஒரு குழுவோட போனார். கிட்டத்தட்ட 150 பேர் காய்ச்சல்ல விழுந்தாங்க, பலர் இறந்தாங்க. மீதிப் பேரை ஹைதராபாத்துக்குத் தூக்கிட்டு வர வேண்டியதாச்சு. காட்டுக் காத்துதான் காரணம்னு நம்பின காலம் அது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கண்டுபிடிக்க 1897 ஆகணும்.

13/ லாம்டன் 1823ல வழியிலேயே, இப்போ மகாராஷ்டிராவுல இருக்குற ஹிங்கன்காட்ல இறந்தார். எவரெஸ்ட் தொடர்ந்தார். 1840கள்ல முக்கோணச் சங்கிலி இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. நேபாளத்துக்குள்ள போக அனுமதி இல்ல. அதனால 170 கி.மீ.க்கு மேல தள்ளி, பீகார் சமவெளியில நின்னு சிகரங்களோட கோணத்தைக் குறிச்சாங்க.

14/ அந்தக் கோணங்களை வச்சு உயரம் கணக்குப் போட்டது ராதாநாத் சிக்தார், வங்காளி, அளவைத் துறையில தலைமைக் கணக்கர். 1852ல 'சிகரம் 15' மத்த எல்லாத்தையும் விட உயரம்னு தெரிய வந்தது. அறிவிச்ச உயரம் 29,002 அடி. இப்போ 2020ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்சது 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. ஜி.பி.எஸ்., கம்ப்யூட்டர் எதுவும் இல்லாம 30 அடி வித்தியாசத்துல சொல்லியிருக்காங்க.

15/ மலைக்குப் பேரு எவரெஸ்ட். அந்த மனுஷன் அதைப் பார்த்ததே இல்ல. கணக்குப் போட்ட சிக்தார் அங்க ஏறல. கருவியைத் தூக்கின கலாசிகளுக்குப் பேரே இல்ல. உச்சிகளோட வரலாறு எப்பவும் இப்படித்தான்.

16/ சரி, 29,002 அடின்னா எங்கிருந்து? இங்கதான் மஞ்சள் போர்டு கதைக்குள்ள வருது. உயரத்துக்கு ஒரு பூஜ்யம் வேணும். அதுதான் சராசரி கடல் மட்டம். கடல் ஒரே இடத்துல நிக்காது, அலை, ஓதம், அமாவாசை, பௌர்ணமின்னு ஏறி இறங்கும். அதனால துறைமுகத்துல ஒரு ஓத அளவி வச்சு, வருஷக் கணக்கா ஏற்ற இறக்கத்தைக் குறிச்சு, சராசரி எடுக்கணும்.

17/ இந்தியாவுக்கான உயர அளவுகளை 1909ல ஒழுங்குபடுத்தினப்போ ஒன்பது துறைமுகங்களோட சராசரி கடல் மட்டத்தைப் பூஜ்யமா எடுத்தாங்க. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், அப்புறம் ஒடிசா கரையில ஃபால்ஸ் பாயிண்ட். ஆமா, நம்ம துறைமுகமும் அந்த ஒன்பதுல ஒண்ணு.

18/ தொட்டபெட்டா 2,637 மீட்டர்னு ஒருத்தர் ஸ்டேட்டஸ் போட்டா, அந்த எண்ணோட அடிமட்டத்துல நம்ம ஹார்பர் தண்ணியும் கொஞ்சம் இருக்கு. வடசென்னையில மலை இல்லன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. மலைக்குக் கணக்கு ஆரம்பிக்கிற இடத்துல நாம இருக்கோம்.

19/ உண்மையில மலையும் இங்க வந்திருக்கு, துண்டு துண்டா. 1875 டிசம்பர்ல அடிக்கல் நாட்டின துறைமுகத்துக்குப் பல்லாவரம் பக்கத்துக் குவாரிக் கல் வந்தது. துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததால தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே நம்ம கரையைக் கடல் தின்னுச்சு. அதைத் தடுக்க ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கொட்டின கருங்கல் எல்லாம் ஏதோ ஒரு குன்றோட உடம்புதான். சாயங்காலம் நாம உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுற கல்!

20/ இப்போ ரயில். ராயபுரத்துல புறப்பட்ட அந்தத் தண்டவாளம் 1860கள்ல மேற்குக் கரை பேப்பூர் வரைக்கும் நீண்டது. 1873ல மேட்டுப்பாளையம் கிளை. 1899ல மலை ரயில் குன்னூரைத் தொட்டது, 1908ல ஊட்டி. மாட்டு வண்டி, பல்லக்கு, குதிரைன்னு நாள் கணக்குல போன இடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம்னு ஆச்சு. உத்தியோகமும் நேர்த்திக்கடனும் மட்டுமே மலைக்குப் போகக் காரணமா இருந்த காலம் போய், சும்மா காத்து வாங்கப் போகலாம்னு ஆன காலம் இது.

21/ மூணாவது ஆள், மன்றோ. ஸ்காட்லாந்துல நிலபுலன் உள்ள குடும்பம். அங்க 3,000 அடிக்கு மேல எத்தனை மலை இருக்குன்னு யாருக்கும் சரியா தெரியாது. 1891ல மன்றோ மலையேறும் சங்கத்தோட இதழ்ல பட்டியல் போட்டார்: 283 தனி மலைகள், துணை உச்சிகளையும் சேர்த்தா 538. ஜனங்க அசந்து போயிட்டாங்க.

22/ பட்டியல் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரைக்கும் அழகான மலை, கஷ்டமான மலைன்னு தேடிப் போனவங்க, இப்போ பென்சிலால டிக் அடிக்க ஆரம்பிச்சாங்க. அந்த மலைகளுக்கே 'மன்றோ'ன்னு பேராச்சு. இன்னிக்கு வரைக்கும் முழுப் பட்டியலையும் முடிச்சதா பதிவு பண்ணினவங்க ஏழாயிரத்துக்கும் மேல.

23/ முதல்ல முடிச்சது 1901ல, ஏ.இ. ராபர்ட்சன்னு ஒரு பாதிரியார். பல பத்து வருஷம் கழிச்சு அவரோட குறிப்புகளைப் படிச்சவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க. பென் விவிஸ்னு ஒரு மலையில மழை வந்ததால அவர் உச்சிக்குப் போகாம திரும்பிட்டார் போல இருக்கு. அப்போ அவர் முடிச்சாரா, இல்லையா? விவாதம் இன்னும் ஓடுது. என்னைக் கேட்டா, மழையில திரும்பினது புத்திசாலித்தனம்.

24/ பட்டியல் போட்ட மன்றோ? அவர் முடிக்கவே இல்ல. 1919ல பிரான்ஸ்ல நிமோனியா வந்து 62 வயசுல இறந்தப்போ அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு சில உச்சிதான். ஒண்ணு ஸ்கை தீவுல இருக்குற ஊசி மாதிரி பாறை. இன்னொண்ணு சுலபமானது. கடைசியா ஏறிக் கொண்டாடலாம்னு வேணும்னே எடுத்து வச்சிருந்தார்.

25/ இதுல வேடிக்கை என்னன்னா, அவர் கடைசிக்குன்னு எடுத்து வச்ச அந்த மலையை 1981ல தனி மலை இல்ல, துணை உச்சின்னு சொல்லி மெயின் லிஸ்ட்ல இருந்தே தூக்கிட்டாங்க. புதுசா அளக்குறப்போ சில மலைகள் வெளிய போகும், சிலது உள்ள வரும். இப்போதைய கணக்கு 282. கல்லுல பொறிச்ச சட்டம்னு நினைச்சு ஏறுற பட்டியல், பென்சிலால எழுதினது.

26/ மன்றோவுக்கு அப்புறம் உலகம் பூரா பட்டியல்தான். ஏழு கண்டங்களோட ஏழு உச்சிகளை முதல்ல முடிச்சது 1985ல அமெரிக்கத் தொழிலதிபர் டிக் பாஸ். 8,000 மீட்டருக்கு மேல இருக்குற 14 சிகரங்களை முதல்ல முடிச்சது 1986ல ரைன்ஹோல்ட் மெஸ்னர். 2023ல கின்னஸ் அந்த ரெக்கார்டை மாத்தி எழுதினது. 1985ல அன்னபூர்ணாவுல உண்மையான உச்சிக்குச் சில மீட்டர் முன்னாடியே மெஸ்னர் நின்னுட்டாராம்.

27/ ரெக்கார்டு யாருக்குப் போச்சோ, அந்த எட் வீஸ்டர்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? முதல் ஆள் மெஸ்னர்தான்னு சொல்லிட்டார். மலை ஏறுறவங்களுக்குத் தெரியும். சில மீட்டர் கணக்கு எல்லாம் கீழ உட்கார்ந்து டிக் அடிக்கிறவங்களுக்குத்தான்.

28/ நம்ம ஆட்களும் இந்தப் பட்டியல்ல இருக்காங்க. 2023 மே மாசம் கோவளத்து மீனவக் குடும்பத்துப் பையன் ராஜசேகர் பச்சை எவரெஸ்ட் ஏறினார். அதே மாசம் முத்தமிழ்செல்வி, எவரெஸ்ட் ஏறின முதல் தமிழகப் பெண்ணா வந்தார். கடல் மட்டத்துல பிறந்து வளர்ந்த நுரையீரலும் பழக்கினா அங்க போகும்ங்கிறதுக்கு அவங்க சாட்சி. பழக்கினாங்கிற வார்த்தையைக் கவனிங்க.

29/ ஆனா தமிழ்நாட்டோட அசல் பட்டியல் இங்கிலீஷ்காரன் போட்டது இல்ல. வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி, பொதிகை. எந்தச் சங்கமும் அச்சடிக்கல, ஆனா மலைக்குப் போற எல்லாருக்கும் மனப்பாடம். "நாலுல மூணு முடிச்சுட்டேன், பொதிகைதான் பாக்கி"ன்னு சொல்ற அண்ணன் உங்க தெருவுலயும் ஒருத்தர் இருப்பார்.

30/ வெள்ளியங்கிரிக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கு: ஏழு மலை. வெள்ளை விநாயகர் கோயில், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, விபூதி மலை, ஆண்டிச் சுனைன்னு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே மூங்கில் தடியோட ராத்திரி பூரா ஏறுவாங்க. பர்வதமலையில கடப்பாறைப் படியும் சங்கிலியும். சதுரகிரியில அமாவாசை, பௌர்ணமிக் கூட்டம். மன்றோ பிறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம சனங்க எண்ணி ஏறினவங்கதான்.

31/ இனி வைத்தியம். 2024 சீசன்ல வெள்ளியங்கிரியில அடுத்தடுத்து பக்தர்கள் இறந்த செய்தி வந்துச்சு. அப்போ வாட்ஸ்அப்ல ஓடின விளக்கம்: "மேல ஆக்சிஜன் இல்ல." இது சரியில்ல. காத்துல ஆக்சிஜன் பங்கு கடற்கரையிலயும் 21 சதவீதம்தான், எவரெஸ்ட்லயும் 21 சதவீதம்தான். மேல போகப் போகக் குறையுறது காத்தோட அழுத்தம்.

32/ எவரெஸ்ட் உச்சியில அந்த அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல மூணுல ஒரு பங்கு. நம்ம பக்தி மலைகள் எல்லாம் 2,000 மீட்டருக்குள்ளதான். அங்க அழுத்தம் எண்பது சதவீதம் வாக்குல இருக்கும். நல்லா இருக்குற மனுஷனுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கும், அவ்வளவுதான். மலை நோய்னு நாங்க சொல்றது பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் தொடங்கும்.

33/ அப்போ ஆபத்து எங்க இருக்கு? மலையில இல்ல, நாம கீழ இருந்து தூக்கிட்டுப் போற உடம்புல. வருஷம் பூரா நடக்காத கால், தெரியாமலேயே பாதி அடைச்சிருக்குற இதய ரத்தக்குழாய், நிறுத்தி வச்ச பி.பி. மாத்திரை, விரதத்துல காலி வயிறு, ராத்திரி தூக்கமில்லாம வேன் பயணம். இதோட ஆறேழு மணி நேரம் படி ஏறினா, இதயம் அன்னிக்குத்தான் அதோட முழு வேலையையும் பார்க்குது.

34/ எண்ணூர், மணலி பக்கம் இருக்குற உங்களுக்குக் கூடுதலா ஒரு வார்த்தை. புகை, சாம்பல், கெமிக்கல் வாடைன்னு பழகின நுரையீரல் நமக்கு. வீசிங், நாள்பட்ட இருமல் இருந்தும் "இதெல்லாம் ஏரியா காத்து"ன்னு விட்டுடுறோம். மலை ஏறுறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை காட்டிடுங்க. இன்ஹேலர் இருக்குறவங்க பையில போட்டுக்காம சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கோங்க.

35/ உயரமான மலைக்கு வேற கதை. அதைக் கண்டுபிடிச்ச வரலாறும் நம்ம மாதிரி தொழில் பகுதியில இருந்துதான் வருது. 1913ல சிலி நாட்டு மலைச் சுரங்கங்கள்ல கம்பெனி டாக்டரா இருந்த தாமஸ் ரேவன்ஹில், வேலைக்கு வர்ற ஆட்களுக்கு மூணு விதமா நோய் வருதுன்னு எழுதினார். சாதா மலை நோய், நெஞ்சைப் பிடிக்கிறது, மூளையைப் பிடிக்கிறது. இன்னிக்கும் நாங்க படிக்கிறது அந்த மூணுதான். ஆனா அவர் கட்டுரையைப் பல வருஷம் யாரும் சீண்டல.

36/ அப்புறம் 1962 சீனப் போர். சமவெளியில இருந்த நம்ம சிப்பாய்களை உடம்பு பழகக் கூட நேரம் கொடுக்காம உயரத்துல கொண்டு இறக்கினாங்க. நிறைய பேர் குண்டு படாமலேயே நோய்ல விழுந்தாங்க. இந்திய ராணுவ டாக்டர்கள் 1,925 பேரைக் கவனிச்சு எழுதின ஆய்வு 1969ல உலகத்தோட முன்னணி மருத்துவ இதழ்ல வந்தது. மலை நோய் பத்தின அடிப்படைப் பாடங்கள்ல அது ஒண்ணு.

37/ அந்தப் பாடத்தோட சாரம்: உடம்புக்கு நாள் கொடுங்க. கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர், அமர்நாத் அதைவிட உயரம். 3,000 மீட்டருக்கு மேல போனா, முந்தின ராத்திரி தூங்கின இடத்தை விட 500 மீட்டருக்கு மேல உயரத்துல அடுத்த ராத்திரி தூங்காதீங்க. தலைவலி, வாந்தி, தடுமாற்றம், படுத்தா மூச்சு முட்டல் வந்தா, மேல போகாதீங்க. தடுமாற்றமும் மூச்சு முட்டலும் இருந்தா உடனே கீழ இறங்கணும். தடுப்பு மாத்திரை இருக்கு, ஆனா டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துதான்.

38/ காடும் ஒரு பாடம் சொல்லியிருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில மாட்டி 23 பேர் இறந்தாங்க, சென்னையில இருந்து போனவங்களும் அதுல உண்டு. சூடான காத்து மேல ஏறும், அதனால சரிவுல தீ நம்ம ஓட்டத்தை விட வேகமா மேல ஓடும். காய்ஞ்ச புல்லு நிக்குற மாசத்துல அனுமதி இல்லாத பாதைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

39/ அதுக்கப்புறம் அரசு விதிமுறை கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கினாங்க. 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, கூடவே உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டி. கருவி தூக்கினவங்க பேரு 1802ல எங்கயும் இல்ல. இப்போ அந்தக் காட்டுக்காரங்க சம்பளத்தோட, பேரோட முன்னாடி நடக்குறாங்க. இந்தப் பட்டியல்ல எனக்குப் பிடிச்ச விஷயம் அதுதான்.

40/ ஏறப் போறவங்களுக்குச் சுருக்கமா:

அ) பி.பி., சுகர், இதய மாத்திரை எதையும் நிறுத்தாதீங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க அன்னிக்கு அளவு மாத்தணுமான்னு முன்னாடியே கேளுங்க. குளுக்கோஸ் கையில இருக்கட்டும்.

ஆ) 40 வயசு தாண்டினவங்க, சிகரெட் பழக்கம் உள்ளவங்க, குடும்பத்துல ஹார்ட் அட்டாக் உள்ளவங்க போறதுக்கு முன்னாடி ஒரு செக்கப். அரசு ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. எடுக்கக் காசு கேட்க மாட்டாங்க. ஈ.சி.ஜி. நார்மல்னா அடைப்பே இல்லன்னு அர்த்தம் இல்ல, அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

41/ இ) ரெண்டு மாசம் முன்னாடியே பழகுங்க. மலைக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ இருக்கு. எஸ்கலேட்டரை விட்டுட்டு படியில ஏறுங்க, இறங்குங்க. முட்டி நொறுங்குறது ஏறுறப்போ இல்ல, இறங்குறப்போ.

ஈ) முந்தின ராத்திரி தூங்குங்க. தண்ணியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எடுத்துக்கோங்க. குழுவுல மெதுவா நடக்குறவர் வேகம்தான் எல்லாரோட வேகம்.

42/ உ) நெஞ்சை அமுக்குற மாதிரி வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுறது, குளிர்ந்த வியர்வை, நின்னு ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சு வாங்கல், கண் இருட்டுறது. இதுல ஒண்ணு வந்தாலும் அங்கயே உட்கார வையுங்க. "வாயுப் பிடிப்பு, கொஞ்ச தூரம்தான்"னு தள்ளிக்கிட்டுப் போகாதீங்க. 108க்கும் வனத்துறை ஆட்களுக்கும் உடனே சொல்லுங்க. அவரை நடக்க விடாம டோலியிலதான் இறக்கணும்.

43/ நேர்த்திக்கடன் பாதியில நின்னா குத்தம் ஆகிடுமோன்னு பயப்படுறவங்களுக்கு: மழைக்குப் பயந்து திரும்பின பாதிரியாரை உலகம் இன்னும் முதல் ஆள்னுதான் எழுதுது. பட்டியல் போட்டவரே மிச்சம் வச்சுட்டுத்தான் போனார். ஆறாவது மலையில திரும்பினா, அடுத்த வருஷம் ஏழாவது மலை அங்கயேதான் இருக்கும். நீங்க இருக்கணும்ல?

44/ உங்க வீட்ல, தெருவுல, கம்பெனியில மலைக்குப் பேரு கொடுத்திருக்குறவங்களுக்கு 40ல இருந்து 42 வரைக்குமாவது அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன். அடுத்த தடவை ஸ்டேஷன்ல நிக்குறப்போ அந்த மஞ்சள் போர்டு கடைசி வரியைப் பசங்களுக்குக் காட்டி, எங்கிருந்து அளக்குறாங்கன்னு சொல்லிக் கொடுங்க.